மகன் தலையைச் சாய்த்தே வைத்திருக்கிறான்: மூன்று இடத்தில் மூன்று அளவு, எதை நம்புவது?

ஒரு தாய் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு ஐந்தரை வயது. தலையை எப்போதும் இடது தோள் பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறான். ஒரு வருடத்துக்கு முன்பு பள்ளியில் எடுத்த குழுப்படத்தில்தான் இவருக்கு அது முதலில் கண்ணில் பட்டது. எல்லாப் பிள்ளைகளும் நேராக நிற்க, இவன் மட்டும் பக்கத்துப் பையன் காதில் ஏதோ சொல்வதைக் கேட்பதுபோல நின்றிருக்கிறான். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு சரியாக இருக்கிறது. வலி என்று அவன் சொன்னதில்லை. கழுத்தை இரண்டு பக்கமும் தாராளமாகத் திருப்புகிறான்.

பிசியோதெரபிஸ்ட் கோனியோமீட்டர் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து 15 டிகிரி என்று குறித்து, கழுத்துத் தசையை இழுத்து நீட்டும் பயிற்சி கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வேறொரு இடத்தில் போன் செயலியில் படம் எடுத்து 9 டிகிரி என்றார்கள். குறைந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. அடுத்த ஆறு வாரத்தில் மூன்றாவது இடத்தில் அளந்தபோது 20. “நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் பயிற்சியை விட்டுவிட்டேன். என் சோம்பலால்தான் கூடிவிட்டதா?” என்று கேட்கிறார்.

கண் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் 6/6, மாறுகண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் பழக்கதோஷம் என்கிறார். கணவர் வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார். இவரோ தினமும் இரவில் செயலியை வைத்து அளக்கிறார். மகன் போனைக் கண்டாலே ஓட ஆரம்பித்துவிட்டான். கழுத்துப் பட்டை போடலாமா, மூன்றில் எந்த அளவு சரி, இப்படியே விட்டால் ஆபத்தா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி: “தூங்கும்போது மட்டும் தலை நேராக இருக்கிறது டாக்டர். வேண்டுமென்றே செய்கிறானோ?”

அம்மா, அந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி.

நான் குழந்தைகளின் மாறுகண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற கண் மருத்துவர். கடிதத்தை வைத்து நோய் இன்னதென்று முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்று சொல்ல முடியும். கழுத்துத் தசை இறுகியதால் சாயும் தலை தூக்கத்திலும் பெரும்பாலும் முழுதாக நேராகாது. இறுகிய தசைக்குத் தூக்கம் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் திருப்பும்போது கழுத்து தடுக்கும், தொட்டால் தசை கயிறுபோல விறைப்பாக இருக்கும், பெரும்பாலும் பிறந்த சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். உங்கள் மகனின் கழுத்து தாராளமாகத் திரும்புகிறது. கண் மூடியதும் தலை நேராகிவிடுகிறது. அப்படியானால் அவன் தலையைச் சாய்ப்பது பார்ப்பதற்காக இருக்கலாம்.

வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கதோஷமும் இல்லை. இரண்டு கண்ணும் ஒரே பொருளை ஒன்றாகக் காட்டுவதற்கு அவன் உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கண் நன்றாக இருக்கிறது என்றார்களே?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும்போது ஒரு கண்ணை மூடி மற்றதைச் சோதிக்கிறார்கள். 6/6 என்றால் வலது கண் தனியாக நன்றாகப் பார்க்கிறது, இடது கண் தனியாக நன்றாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்தப் பலகை சொல்லாது.

“மாறுகண் இல்லை” என்பதும் அப்படித்தான். தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்லியிருந்தால், அது உண்மைதான். அந்த நிலையில் மாறுகண் இருக்காது. அது இல்லாமல் போவதற்காகத்தானே அவன் தலையைச் சாய்க்கிறான்! தலையை மெதுவாக நேராக்கி, பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து, அப்போது ஒரு கண் மேலே ஏறுகிறதா என்று பார்த்தார்களா? அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

கண்ணைச் சுழற்றும் ஆறு தசைகளில் ஒன்று சுப்பீரியர் ஆப்ளிக். அதற்கு ஆணையிடுவது மூளையிலிருந்து வரும் நான்காம் நரம்பு. பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் மிக மெலிந்தது அது. மூளைத்தண்டின் முதுகுப்பக்கத்திலிருந்து புறப்பட்டு நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு கண்ணுக்கு வருகிறது. பிறவியிலேயே இந்தத் தசையோ நரம்போ பலவீனமாக இருந்தால் அந்தக் கண் கொஞ்சம் மேலே நிற்கும், கொஞ்சம் வெளிப்புறமாகச் சுழன்றும் இருக்கும். தலையை எதிர்ப்பக்கம் சாய்த்தால் அந்தத் தசைக்கு வேலை குறையும், இரண்டு காட்சியும் ஒன்றாகிவிடும். எனவே இடப்பக்கம் சாய்க்கும் பிள்ளைக்கு வலது கண்ணைத்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம்.

கண்ணால் தலை திரும்புவதற்கு இது ஒன்றே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கண் நடுங்குகிற சில பிள்ளைகள் நடுக்கம் குறைவாக இருக்கும் கோணத்தைத் தேடி முகத்தைத் திருப்புவார்கள். இமை தொங்கினால் மோவாயைத் தூக்குவார்கள். சரியான கண்ணாடி இல்லாததாலும் தலை சாயலாம்.

மூன்று எண்களில் எது சரி?

மூன்றுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் என் பதில். தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம், விளக்கமாகவே சொல்கிறேன்.

காலின் நீளத்தை அளப்பதுபோல இல்லை தலைச் சாய்வை அளப்பது. கால் எப்போதும் அதே நீளம். தலையோ, அந்த நொடியில் பிள்ளை எதைப் பார்க்கிறான் என்பதைப் பொறுத்து மாறும். தூரத்தில் சின்ன எழுத்தைப் படிக்கும்போது நன்றாகச் சாயும். சும்மா சுவரைப் பார்க்கும்போது குறையும். காலையில் தெம்பாக இருக்கும்போது ஓர் அளவு, மாலையில் களைத்திருக்கும்போது வேறோர் அளவு. “நேராக உட்கார் தம்பி, படம் எடுக்கிறோம்” என்று சொல்லிவிட்டு அளந்தால் 20 டிகிரி 9 ஆகிவிடும். பிள்ளை கொஞ்ச நேரம் சமாளித்து நேராக வைத்திருப்பான். அந்த நேரத்தில் அவனுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்துகொண்டிருக்கலாம், அதைச் சொல்லத் தெரியாது.

எதற்கு எதிராக அளந்தார்கள் என்பது அடுத்த விஷயம். தரைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளப்பது ஒரு முறை, உடம்பின் நடுக்கோட்டிலிருந்து அளப்பது இன்னொரு முறை. பிள்ளை இடுப்பை ஒருபக்கம் ஒடித்து உட்கார்ந்திருந்தால் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். போனைப் பிடித்தவர் கை 4 டிகிரி சாய்ந்திருந்து, செயலி அதைத் திருத்தவில்லை என்றால், அதுவும் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில செயலிகள் இரண்டு கண்மணியையும் இணைக்கும் கோட்டை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் வருடக்கணக்காகத் தலையைச் சாய்த்திருக்கும் பிள்ளைகளுக்கு முகத்தின் ஒரு பாதி சற்றே சிறுத்துவிடும். கண்களின் கோடும் உதடுகளின் கோடும் இணையாக இருக்காது, ஒரு பக்கம் நெருங்கும். நெற்றி நடுவிலிருந்து மோவாய் நடுவரை கோடு போட்டால் ஒரு டிகிரி, கண்மணிக் கோட்டை வைத்தால் வேறு டிகிரி. உங்கள் மகனின் நேர்முகப் படம் ஒன்றை எடுத்து, கண்களின் கோட்டையும் உதடுகளின் கோட்டையும் பென்சிலால் போட்டுப் பாருங்கள். சாய்ந்திருக்கும் பக்கம் அவை நெருங்கினால், சாய்வு நெடுநாளாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

எனவே 15 குறைந்து 9 ஆனதும் பயிற்சியால் அல்ல, 9 கூடி 20 ஆனதும் உங்கள் சோம்பலால் அல்ல. வெவ்வேறு கருவி, வெவ்வேறு ஆள், வெவ்வேறு நேரம். அவற்றை வரிசையாக வைத்துக் கூடியது குறைந்தது என்று கணக்குப் போட முடியாது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளை நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஒரே ஆள் ஒரே முறையில் அளந்தாலும் மூன்று நான்கு டிகிரி முன்னே பின்னே இருக்கும். அதை மாற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, முறையாக எப்படி அளப்பது? பிள்ளையை முதுகு சாயாமல், பாதம் தரையில் படும்படி உட்கார வைப்போம். 6 மீட்டர் தூரத்தில் அவன் முயன்றால் மட்டுமே படிக்க முடிகிற அளவு சின்ன எழுத்து. தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். படித்துக்கொண்டே இருக்கச் சொல்லி, தலை தன் இடத்துக்கு வந்து நின்ற பிறகு அளப்போம். பிறகு கிட்டத்தில், சுமார் 33 சென்டிமீட்டரில் ஒரு படத்தைக் காட்டி மறுபடி அளப்போம். ஒரு கோணம் போதாது. தோள் பக்கம் சாய்வது, முகம் இடம் வலம் திரும்புவது, மோவாய் ஏறுவது இறங்குவது என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிப்போம். கண்ணாடி ஃபிரேம்போலத் தலையில் மாட்டும் ஒரு கருவி உண்டு. புவியீர்ப்பில் தொங்கும் இரண்டு முள்ளும் திசைகாட்டி முள் ஒன்றும் அதில் இருப்பதால் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும். அது இல்லாத இடத்தில் கோனியோமீட்டரும் நல்ல படமும் போதும்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். வலது கண்ணை மூடி அளப்பது, இடது கண்ணை மூடி அளப்பது. ஒரு கண்ணை மூடிவிட்டால் இரண்டு காட்சியை ஒன்றாக்கும் வேலையே கிடையாது, சாய்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு சிறுமி என் முன்னால் உட்கார்ந்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணில் ஒட்டுப் போட்டுவிட்டு அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். மகளின் தலை யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றிருந்தது. எட்டு மாதம் கழுத்துக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு இது உடனே நடக்காது, ஒட்டை அரைமணி நேரமோ அதற்கு மேலோ விட்டுப் பார்க்க வேண்டும். நெடுநாள் சாய்ந்து கழுத்தும் இறுகிப்போயிருந்தால் ஒட்டுப் போட்டாலும் முழுதாக நேராகாது. அதனால் நேராகாவிட்டால் கண்ணில் பிரச்சினையே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

எத்தனை டிகிரி என்பது எவ்வளவு சாய்கிறது என்று மட்டும் சொல்லும். ஏன் சாய்கிறது என்பது கண்ணை மூடும்போதுதான் தெரியவரும். உங்கள் கையிலிருக்கும் மூன்று சீட்டிலும் இந்த இரண்டாவது அளவு இல்லை.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

குழந்தைகளின் மாறுகண் பார்க்கிற கண் மருத்துவர், கூடவே ஆர்த்தாப்டிஸ்ட், அதாவது இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்குவதைச் சோதிக்கும் நிபுணர், இருக்கும் இடம் நல்லது. அங்கே மூன்று படிச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். 1958இல் மார்ஷல் பார்க்ஸ் என்ற மருத்துவர் வகுத்துத் தந்தது. எந்தக் கண் மேலே நிற்கிறது, இடம் வலம் பார்க்கும்போது எந்தப் பக்கத்தில் அது கூடுகிறது, தலையை எந்தத் தோள் பக்கம் சாய்த்தால் கூடுகிறது. இந்த மூன்று விடையை வைத்து எந்தத் தசை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிறகு பிரிசம் என்ற, காட்சியை இடம் நகர்த்திக் காட்டும் கண்ணாடித் துண்டை வைத்து, மேலும் கீழுமாக விலகும் காட்சிகளை அவன் எவ்வளவு தூரம் ஒன்றாக்கிச் சமாளிக்கிறான் என்று பார்ப்பார்கள். சாதாரணமாக நம்மால், பிரிசத்தின் பலத்தைச் சொல்லும் அலகில், 3 அளவுக்குச் சமாளிக்க முடியும். பிறவியிலிருந்தே இந்தப் பலவீனம் இருப்பவர்கள் 10ஐத் தாண்டியும் சமாளிப்பார்கள்.

போகும்போது பழைய படங்களை எடுத்துப் போங்கள். ஒரு வயதில், இரண்டு வயதில் எடுத்தவை, முகம் நேராகத் தெரிபவை. நீங்கள் ஒரு வருடமாகத்தான் கவனித்திருக்கிறீர்கள், ஆனால் சாய்வு எப்போது தொடங்கியது என்பதை அந்தப் படங்கள் சொல்லும். உட்காரப் பழகிய காலத்திலிருந்தே இருந்தால் பிறவிக் காரணம் என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். அதுவரை நேராக இருந்து திடீரென்று தொடங்கியதாகத் தெரிந்தால் மூளையை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். அதைச் சொன்னால் பயந்து மறுத்துவிடாதீர்கள்.

இதுவரை அளந்த எல்லா இடத்திலும் எழுத்தில் பதிவைக் கேளுங்கள். எந்தக் கருவி, பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருந்தான், எந்தக் கோட்டிலிருந்து அளந்தார்கள் என்பதெல்லாம். கேட்பது உங்கள் உரிமை. அது யாரையும் அவமதிப்பதாகாது, நல்ல பிசியோதெரபிஸ்ட் சந்தோஷமாகவே சொல்வார். செயலியில் மகனின் முகம் பதிவாகியிருக்கிறது. அந்தப் படம் எங்கே சேமிக்கப்படுகிறது, அழிக்கச் சொல்லலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி, பட்டை, அறுவை சிகிச்சை

கழுத்துப் பட்டை வேண்டாம். காரணம் கண் என்றால், பட்டை அவன் கண்டுபிடித்த வழியை அடைத்துவிடும், கழுத்துத் தசையையும் சோம்பலாக்கிவிடும். பயிற்சியால் இதுவரை கெடுதல் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் கண் பரிசோதனை முடியும்வரை பலமாக இழுப்பதை நிறுத்தி வைக்கலாமா என்று பிசியோதெரபிஸ்டிடமே பேசுங்கள். நான் எழுதியதை அவரிடம் காட்டுங்கள். கண்ணால் சாயும் பிள்ளைகள் பலரை என்னிடம் அனுப்பியதே பிசியோதெரபிஸ்ட்கள்தான்.

வீட்டில் “தலையை நேரா வை” என்று அதட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். மாமியாரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இன்னொன்று, பல பெற்றோருக்கு இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். எந்த வைத்தியமும் இல்லாமல் ஒருநாள் தலை தானாக நேராகிவிட்டால் அது நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சியை மூளை கைவிட்டு, ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கத் தொடங்கியிருக்கலாம். வளர வளரச் சரியாகும் என்று உங்கள் கணவர் சொல்வதில் எனக்குள்ள கவலை இதுதான். சாய்வு போவதும் நோய் போவதும் ஒன்றல்ல.

தசைப் பலவீனம்தான் என்று உறுதியானால் மூன்று வழிகள் உண்டு. சாய்வு லேசாக இருந்து, இரண்டு கண்ணும் சேர்ந்து நன்றாக வேலை செய்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். விலகல் சிறியது என்றால் கண்ணாடியில் பிரிசம் வைக்கலாம், ஆனால் கண்ணின் சுழற்சியை அது திருத்தாது. சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தால், அல்லது முகம் ஒருபக்கமாக வளர்கிறது, கழுத்து இறுகுகிறது என்றால், அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலும் அதே கண்ணின் கீழ்ப்பக்கத் தசையைத் தளர்த்துவோம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. பலரும் அன்றே வீடு திரும்பிவிடுவார்கள். சாய்வு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், அளவுக்கு மீறித் திருத்திவிடலாம், இரண்டாவது முறை செய்ய நேரலாம். இவற்றை உங்களிடம் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால் “இன்னும் கொஞ்சம் விளக்குங்கள்” என்று நிறுத்திக் கேளுங்கள். நாளைக்கே முடிவெடுக்க வேண்டிய அவசரம் இதில் கிடையாது.

அவசரம் வேறு சில நேரங்களில் உண்டு. தலைவலியோடு வாந்தி, அதுவும் காலையில் எழுந்ததும், நடை தள்ளாடுவது, புதிதாக இரண்டாகத் தெரிகிறது என்று அவனே சொல்வது, கீழே விழுந்த பிறகோ, காய்ச்சல் தொண்டை வலிக்குப் பிறகோ கழுத்து வலியோடு தலை ஒருபக்கம் நின்றுவிடுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் கண் மருத்துவரின் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் எடுக்க வேண்டிய படங்கள்

தினமும் இரவில் அளப்பதை விட்டுவிடுங்கள். அந்த எண்ணால் பயனில்லை, பிள்ளைக்கு மட்டும் பயம். அதற்குப் பதிலாக, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் மூன்று நாள் மட்டும் இப்படிச் செய்யுங்கள். சுவரில் ஒரு நூலில் கனமான எதையாவது கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனார் தூக்குக் குண்டு விடுவதுபோல. அதன் முன்னால் மகனை உட்கார வையுங்கள். போனை அவன் கண் உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, அசையாமல் எதன் மீதாவது நிறுத்தி வையுங்கள். போனுக்குப் பின்னால் இன்னும் தள்ளி, அவன் விரும்பிப் பார்க்கும் ஏதாவது ஒன்று, சின்ன எழுத்தோ உருவமோ அதில் இருக்கட்டும். அவன் போனை மறந்து அதில் மூழ்கிய பிறகு படம் எடுங்கள். பிறகு ஒரு கண்ணை ஒட்டால் மூடி, அதே காட்சியைப் பார்க்க விட்டு, அரைமணி கழித்து ஒரு படம். அடுத்த நாள் மற்றக் கண். மூன்றாம் நாள் ஒட்டு இல்லாமல், மாலையில் களைத்திருக்கும்போது இன்னொரு படம். நூல் படத்தில் தெரிந்தால் போதும், கோணத்தை நாங்கள் போட்டுக்கொள்வோம்.

பழைய மூன்று சீட்டுகளையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும், அன்று காலையா மாலையா, அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான், நேராக உட்காரச் சொன்னார்களா என்று ஞாபகம் இருப்பதை எழுதி இந்தப் படங்களோடு கொண்டுபோங்கள். தூக்கத்தில் தலை நேராக இருக்கிறது என்ற அந்தக் கடைசி வரியை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள்.